எட்டாமிடத்துச் செவ்வாய்

பத்தரை மணிக்கே நவ்யா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையோரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வின்ஸ்டன் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இஸ்திரி மடிப்பு இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் அவன் தம்பி ஜெஃபினும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும். மூன்று சாட்சி வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மூன்று பேரும் ஆதார் அட்டையோடு வந்திருந்தார்கள். ஜெஃபின் கையிலிருந்த பையில் இரண்டு மாலைகள்.

கலப்புமணத்துக்கான முப்பது நாள் நோட்டீஸ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் ரோட்டைக் கடந்து போனாள். வின்ஸ்டனைத் தனியே கூப்பிட்டு, மரத்தடியில் நின்ற ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"வின்ஸ்டன், என்னால முடியாது."

அவன் சிரித்தான். "எது முடியாது? சேலை கட்ட முடியலையா? பரவால்ல, சுடிதார்ல கையெழுத்துப் போட்டாலும் செல்லும்."

"கல்யாணம் முடியாது."

"உங்கம்மா ஏதாச்சும் மிரட்டுனாங்களா?"

"இல்ல. யாரும் மிரட்டல. கதவைக்கூடப் பூட்டி வெக்கல. நானாத்தான் சொல்றேன். உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அந்த ஜாதகமா? நெசமாவே அந்த ஜாதகத்துக்கா?"

அவள் தலையசைத்தாள்.

"சரி. அதுல நான் செத்துருவேன்னு போட்டிருக்குன்னே வெச்சுக்குவோம். சாகறது நானு. எனக்கே பயமில்ல. நீ எதுக்கு எனக்கும் சேர்த்துப் பயப்படற? உங்கம்மா ஒரு முடிவு எடுக்கறாங்க. கொடுமுடியில உக்காந்துட்டு ஒரு ஜோசியர் முடிவு எடுக்கறாரு. இப்ப நீயும் எடுத்துட்ட. நான் ஒருத்தன் நடுவுல எதுக்கு நிக்கறேன்? என்ற உசுரப் பத்தி என்னய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ நல்லா இருந்தாப் போதும் எனக்கு." சொல்லும்போதே அந்த வாக்கியம் அவளுக்குக் கூசியது.

"இப்படிச் சொல்றதுக்கு என்னயப் புடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். சண்டையாச்சும் போட்டிருப்பேன்."

 தம்பியிடம் போய் ஏதோ சொன்னான். ஜெஃபின் மாலைப் பையோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை அன்று அவளால் எதிர்கொள்ள முடியவில்லை.

இருவரும் பீளமேட்டில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஆறு வருடப் பழக்கம். படிப்பு முடிந்ததும் நவ்யா சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தாள். வின்ஸ்டன் காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவன் வீடு போத்தனூரில். அப்பா தாமஸ் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா கிருபாவதி சபையில் ஞாயிறு பள்ளி நடத்துபவர். நவ்யாவின் அப்பா திருமலைசாமி பம்புக்கான உதிரி பாகங்கள் கடையும் லேத் பட்டறையும் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். அம்மா வெங்கடம்மாளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு மட்டும்தான்.

நவ்யா பிறந்தபோது கொடுமுடி லட்சுமணசாமி ஜோசியர் எழுதிய ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய் இருந்தது. பெண்ணுக்கு அது மாங்கல்ய ஸ்தானம். கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்றார் அவர். தன் ரத்த வகையைத் தெரிந்துவைத்திருப்பது போல நவ்யா இதையும் சின்ன வயதிலிருந்தே தெரிந்துவைத்திருந்தாள். வின்ஸ்டனிடம் ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லியும்விட்டாள்.

"எங்க ஊட்ல பொறந்த நேரம் கேட்டா, ஆராதனை முடிஞ்சு பிரியாணி வேகறப்பன்னு அம்மா சொல்லும். என்கிட்ட இருக்கற ஜாதகம் அவ்வளவுதான்" என்றான் அவன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது வெங்கடம்மாள் சாதியையோ மதத்தையோ வாயில் எடுக்கவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் கண்ணு. அந்தப் பையன் நல்ல பையன்னு நீயே சொல்ற. அவனைக் கொன்னுபோடாத" என்றாள். மதம் என்று சொல்லியிருந்தால் நவ்யா சண்டை போட்டிருப்பாள். வாதங்களெல்லாம் தயாராக இருந்தன. இதற்கு எதை வைத்துச் சண்டை போடுவது?

கொடுமுடியில் பரிகாரம் உண்டே, வாழை மரத்துக்குத் தாலி கட்டி வெட்டிவிட்டால் தோஷம் போகும் என்கிறார்களே, அதைச் செய்யலாம் என்று அவளே இறங்கி வந்தாள். மாப்பிள்ளை ஜாதகம் இல்லாமல் எதைப் பார்த்துப் பரிகாரம் சொல்வது என்றாள் அம்மா. வின்ஸ்டனுக்கு ஜாதகமே கிடையாது. அத்தோடு அந்தப் பேச்சும் நின்றது.

"உன்ற ஜாதகம் சரியான நேரத்துக்குத்தான் எழுதியிருக்காங்களான்னு பாரு. உள்ள போட்ட தகவலே தப்பா இருந்தா?" என்று கேட்டவன் வின்ஸ்டன்தான். அம்மாவின் பீரோவில் பழைய ஃபைலைத் துழாவி, பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தாள். ஜாதகத்தில் விடிகாலை ஐந்து இருபது. சீட்டில் நாலு ஐம்பது. ஜாதகம் கணிக்கும் செயலியில் இரண்டு நேரத்தையும் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேர வித்தியாசத்தில் லக்கினம் மாறி, செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. தோஷமே இல்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சீட்டைக் கொடுமுடியில் நீட்டியபோது ஜோசியர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "சீட்டு எழுதுன நர்ஸம்மா கடியாரத்தப் பாத்தாங்களோ என்னமோங்க. கொழந்தை அழுத நேரந்தான் கணக்கு. அப்பா காதுல கேட்டது அஞ்சு இருவதுக்கு. ஏனுங்க, நீங்களே சொல்லுங்க" என்று திருமலைசாமியைப் பார்த்தார்.

"நான் வெளிய நின்னுட்டிருந்தனுங்க. நர்ஸு வந்து சொன்னப்ப வாட்ச்சப் பாத்தேன்" என்றார் அப்பா.

ஆக, அவள் எப்போது பிறந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கையில் இரண்டு ஜாதகம். ஒன்றில் அவளைக் கட்டுகிறவன் சாகிறான், இன்னொன்றில் வாழ்கிறான். தன் விதி எது என்பதையே அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் போலிருந்தது. வின்ஸ்டனிடம் சொன்னபோது அவன் கைதட்டிச் சிரித்தான். "அப்புறம் என்ன? நல்லதா ஒண்ண எடுத்துக்க" என்றான். அந்த வாரமே இரண்டு பேரும் நோட்டீஸ் கொடுத்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் அலுவலக அறிவிப்புப் பலகையை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அப்பா அதை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அம்மா கத்தவில்லை, அழவில்லை. மாடிக்குப் போய் ராமாமணியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நவ்யாவின் அறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள்.

ராமாமணி அப்பாவின் தங்கை. கலியாணமாகிப் பதினோரு மாதத்தில் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். நவ்யா கேட்டதற்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. அவள் ஒரு பக்கம் சாய்வாள் என்றால் அது எப்போதும் நவ்யாவின் பக்கம்தான்.

"எனக்கும் எட்டுலதான் செவ்வாய், அம்மணி" என்றாள் ராமாமணி. "நாங்களும் புடிச்சுப்போய்க் கட்டிக்கிட்டவங்கதான். செவ்வாய் ஊட்டுக்கு வந்தா ஒரு காபி குடுத்து அனுப்பிரலாம்னு அவரு சிரிப்பாரு. பதினோரு மாசம். மஞ்சக்காமாலை. நான் கட்டாம இருந்திருந்தா எங்கியாச்சும் ஒரு ஊட்ல பேரன் பேத்தியோட உக்காந்திருப்பாரு. இருவத்தெட்டு வருசமா இந்த ஒரு நெனப்புத்தான் எனக்கு. நீ நம்ப வேண்டாங் கண்ணு. நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது. ஆனா எனக்கு வந்த இந்த நெனப்பு உனக்கு வரக்கூடாது."

மஞ்சள்காமாலைக்கும் செவ்வாய்க்கும் சம்பந்தமில்லை என்று நவ்யாவுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். ஆனால் மிச்சமிருந்த எட்டு நாளும் அவள் தூங்கவில்லை. மென்பொருளை நூறு தடவை ஓட்டினால் ஒரு தடவை மட்டும் வருகிற பிழையையும் தேடிப் பிடித்து, இது சரியாகும்வரை வெளியே விடாதே என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. அந்த நூற்றில் ஒன்றை எண்ணி எண்ணியே பதிவு அலுவலக வாசல்வரை வந்து, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தாராபுரம் பக்கம் காற்றாலைகளுக்கே போய் இருந்து வேலை பார்க்கச் சொல்லிக் கம்பெனி வின்ஸ்டனை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தது. அவளுக்காகப் பீளமேட்டு ஆபீஸை விடமாட்டேன் என்று மறுத்திருந்தான். இப்போது அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். போனில்லை, செய்தியில்லை. அவளும் அனுப்பவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், அதற்குத்தானே இத்தனையும் என்று ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்காவது மாதம், ஆனிக் காற்றில், அவன் இறந்துபோனான். நல்ல வெளிச்சம், நேரான ரோடு, காலை பதினொரு மணி. வேலையை முடித்துவிட்டுப் பைக்கில் தாராபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன் மேல் எதிரே மாட்டுவண்டியை முந்தி வந்த லாரி ஏறிவிட்டது. நவ்யாவுக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெஃபினின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வின்ஸ்டனின் படத்தைப் பார்த்தாள். அடக்க ஆராதனை நேரம் கீழே போட்டிருந்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, எதிரில் இருந்தவள் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில்கூடச் சொன்னாள்.

போத்தனூர் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கிருபாவதி அவளைப் பார்த்துவிட்டு நேராக வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கர்த்தரோட சித்தம் அம்மணி. அவருக்கு வேணும்னு எடுத்துக்கிட்டாரு. அழுகாத" என்றாள். ஜெஃபின் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அன்று அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று நவ்யாவுக்குத் தோன்றியது.

வீட்டில் அம்மா வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். தலைமுழுகி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "நல்லவேளை கண்ணு. கட்டியிருந்தா இன்னைக்கு நீ எந்தக் கோலத்துல வந்து நிப்ப."

"கட்டியிருந்தா அவன் தாராபுரத்துக்கே போயிருக்க மாட்டாம்மா."

"அப்ப வேற எங்கியாச்சும் ஆயிருக்கும். அவனுக்கு எழுதுனது அவ்வளவுதான்."

"அவனுக்கு எழுதுனதுன்னா என்ற ஜாதகத்துக்கு அதுல என்ன வேலை? நான் கட்டுனாலும் சாவான், கட்டாட்டியும் சாவான்னா, எதுக்கும்மா கட்ட வேண்டாம்னீங்க?"

வெங்கடம்மாள் தெலுங்குக்கு மாறினாள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஒரே பதிலைக் காட்டுகிற பழுதடைந்த திரையின் முன் உட்கார்ந்திருப்பது போல இருந்தது நவ்யாவுக்கு. அப்படி ஒன்று வேலையில் வந்தால் பிழையென்று எழுதி அனுப்பிவிடலாம். இதை யாருக்கு எழுதுவது?

ஆவணி பிறந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒரு புதன்கிழமை. லேப்டாப்போடு அறைக்குள் இருந்தவளுக்கு ஹாலில் லட்சுமணசாமி ஜோசியரின் குரல் கேட்டது. இந்த முறை அவரே கிளம்பி வந்திருந்தார்.

"தோஷம் கழிஞ்சு போச்சுங்க. நோட்டீஸு குடுத்தாச்சு, மனசால வரிச்சாச்சு, அதுவே பாதிக் கல்யாணமுங்க. செவ்வாய் தனக்குண்டானத எடுத்துக்கிட்டான். இனி அம்மணிக்கு ஒரு கொறையுமில்ல. தைரியமா மாப்பிள்ளை பாருங்க. சூலூர்ல ஒரு எடம் இருக்குதுங்க."

அம்மா நீளமாக மூச்சு விட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. நவ்யா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, அப்படின்னா வின்ஸ்டன் என்ற புருசனுங்களா?"

ஜோசியர் நிமிர்ந்து பார்த்தார். "அதென்ன அம்மணி அப்படிக் கேட்கறீங்க?"

"தோஷம் புருசனைத்தானுங்களே எடுக்கும். எடுத்துருச்சுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப அவன் என்ற புருசன். இந்த ஊட்டுல ரெண்டு வருசமா அவன் பேரைச் சொல்லக்கூட விடல. இப்பச் செத்ததுக்கப்புறம் நீங்களே கட்டி வெச்சுட்டீங்க." அப்பாவிடம் திரும்பினாள். "அவன் படத்தை ஹால்ல மாட்டிரலாமுங்களாப்பா?"

"நவ்யா, வாயை மூடு" என்றாள் அம்மா.

"மூடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அவன் என்ற புருசன் இல்லைன்னா தோஷம் கழியல, எனக்கு மாப்பிள்ளை பாக்காதீங்க. புருசன்னா நான் தாலியறுத்தவ, அப்பவும் பாக்காதீங்க. இவரு சொன்னதத்தான் நான் கேக்கறேன்."

"எல்லாம் விதிங்க. கொழந்தை மனசு புண்பட்டிருக்குது" என்று லட்சுமணசாமி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.  அவர் போனதும் திருமலைசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு அந்த வாட்ச்சு சரியான நேரந்தான் காட்டுச்சான்னு எனக்கு நெசமாவே ஞாபகமில்ல கண்ணு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாவி குடுக்கோணும் அதுக்கு. குடுத்தனா இல்லையான்னு..."

"இத அன்னைக்குக் கொடுமுடியில சொல்லியிருக்கக் கூடாதுங்களாப்பா?"

"சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பயா?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  நாலு ஐம்பது என்று எழுதிய சீட்டு, பதிவு அலுவலகத்துக்குப் போன அன்றைக்கும் நவ்யாவின் கைப்பையில்தான் இருந்தது.

அன்று மாலையே போத்தனூருக்குப் போனாள். கதவைத் திறந்த தாமஸ் அவளைக் கண்டு திகைத்து, "உள்ள வாம்மா" என்றுவிட்டு டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார். கிருபாவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வின்ஸ்டனின் சட்டைகள். ஏதோ ஒரு விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல நாந்தான் முடியாதுன்னு சொன்னேன்."

"தெரியும். ஜெஃபின் சொன்னான்."

"தெரிஞ்சுமா சர்ச்சுல என்ற கையப் புடிச்சுட்டுக் கர்த்தர் சித்தம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அது கர்த்தர் இல்லீங்க. எங்கம்மா செவ்வாய்ங்கறாங்க, அதுவும் இல்ல. நானு. நான் முடியாதுன்னதுனாலதான் அவன் தாராபுரத்துக்குப் போனான். ஒருத்தர்கூட அதச் சொல்ல மாட்டேங்கறீங்க. நான் என்னமோ அந்தப் பக்கமா வேடிக்கை பாத்துட்டுப் போனவ மாதிரி எல்லாரும் என்னய அழுகாதங்கறீங்க. திட்டுங்க ஆண்ட்டி."

கிருபாவதி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். காலரை நீவினாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகம் சர்ச்சில் பார்த்த முகமாக இல்லை.

"நீ அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா எம்பையன் பீளமேட்டுலயே இருந்திருப்பான். சாயங்காலம் ஆறரைக்கு அந்தக் கேட்டைத் தொறந்துட்டு வந்திருப்பான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? நெதமும் ஆறரைக்கு எனக்கு அது தெரியுது." சட்டையைப் பெட்டியில் வைத்தாள். "கர்த்தர் எடுத்துக்கிட்டார்னா அவருகிட்ட அழுதுக்கலாம். நீதான்னு வெச்சா உன்னய மன்னிக்கோணும். வாராவாரம் புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுக்கறேன். என்னால முடியல. அதுக்குத்தான் அவரு மேல போட்டேன். போதுமா?"

நவ்யாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு மாதமாக வராதது. "மன்னிக்க வேண்டாங்க" என்றாள்.

"அத நீ சொல்லாத. அது என்ற பாடு."

தாமஸ் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறும்வரை யாரும் தொடவில்லை. கிருபாவதி ஒரு சட்டைக் குவியலை அவள் பக்கம் தள்ளினாள். "பட்டன் போனதெல்லாம் தனியா எடு" என்றாள். பெட்டி நிறைகிறவரை இரண்டு பேரும் மடித்தார்கள். நவ்யா எழுந்தபோது கிருபாவதி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "இனி நீயா வராத. எனக்கு ஆகறப்ப நானே கூப்பிடறேன். ஆகலைன்னா கூப்பிட மாட்டேன்."

"சரிங்க ஆண்ட்டி."

தெருவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். "சூலூர்க்காரங்கள வரச் சொல்லாதீங்கம்மா. சரவணம்பட்டியில ஹாஸ்டல் பாத்துட்டேன், அங்கியே தங்கிக்கறேன். எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். ஜாதகத்துக்காக இல்ல, தோஷத்துக்காக இல்ல. நான் சொல்றேன், எனக்கு வேண்டாம்."

 மறுமுனையில் வெங்கடம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"அஷ்டமத்துச் சனி நடக்குதாம் கண்ணு. ஊட்ட உட்டுப் போறேன்னு நிப்பன்னு ஜோசியரு காத்தாலயே சொல்லிப்போட்டுத்தான் போனாரு. ரெண்டரை வருசம். முடிஞ்சதும் தன்னால சரியாயிரும்."

நவ்யா போனை அணைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. தெருவில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகளைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது முறையும் ஆகவில்லை. மூன்றாவது முறை ஆனது. ஹாஸ்டல் வார்டன் ஏழு மணிக்குள் வரச் சொல்லியிருந்தாள். வழியில் ராமநாதபுரம் சிக்னலில் நெரிசல் இருக்கும், சீக்கிரம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.